பாதியில் விட்ட பயிற்சி

சில்லிக் குழம்பு அடிபிடித்துவிடாமல் லோர்னா கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தபோதுதான் ஷெரில் சன்னலில் வந்து நின்றாள். பள்ளிக்கூட உள்ளரங்கின் வாசலை ஒட்டிய சின்ன அறை அது. ஒரு பக்கச் சன்னல் முன்கூடத்தைப் பார்த்திருக்கும், இன்னொரு பக்கச் சன்னல் ஆடுகளத்தை. ஆட்டம் நடக்கும் நாட்களில் அங்கே சோளப்பொரியும் சில்லியும் பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரோலும் விற்பார்கள். ஆடுகிற பிள்ளைகளின் அம்மாக்கள்தான் முறை வைத்துக்கொண்டு விற்க வேண்டும்.

"ஏன் லோர்னா, உன் மேஸிதான் டீம்லயே இல்லையே. நீ எதுக்கு இன்னும் இந்த அடுப்புல கிடந்து வேகறே?" என்றாள் ஷெரில். குரலில் அக்கறை நிரம்பி வழிந்தது. அந்த அக்கறையை ஒரு கிண்ணத்தில் பிடித்து அவள் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது லோர்னாவுக்கு.

"நீ வர்றியா? கரண்டிய இப்பவே குடுத்துடறேன்."

"ஐயோ, எனக்கு முட்டி வலி. உனக்கே தெரியுமே." ஷெரில் சிரித்து, தன் சில்லியையும் ரோலையும் வாங்கிக்கொண்டு போனாள். நான்கடி தள்ளிப் போய் இன்னொரு அம்மாவின் காதில் குனிந்தாள். என்ன சொல்லியிருப்பாள் என்பதைக் கேட்கவே வேண்டியதில்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சுத்தான். குசேரா வீட்டுப் பெண் மேஸி பாதியில் ஓடிவிட்டாள்.

லோர்னா ஜூலை மாதமே எல்லா உள்ளூர் ஆட்டங்களுக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம், அவள் வாலிபால் அணியின் கேப்டன், ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடக்கூடாது என்ற ஆசையில் கொடுத்த பெயர். செப்டம்பரில் மகள் அணியை விட்டு வந்தாள். அம்மாவின் பெயர் மட்டும் முறைப் பலகையிலேயே இருந்தது. மாற்றிக்கொள்ள ஒருத்தியும் வரவில்லை. முறையை விட்டுவிடலாம்தான். விட்டால், "பாரு, அம்மாவும் பாதியில விட்டுட்டா, ரத்தத்துலயே இருக்கு" என்பார்கள். அந்த வாய்களுக்கு அவல் போட லோர்னா தயாராயில்லை. வெறும் வீம்புக்காக, மகளில்லாத அணிக்குச் சில்லி கிண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் இரண்டுதான் உண்டு. கோடையில் சோளம், அறுவடைக் காலத்தில் வாலிபால். நெப்ராஸ்கா மாநிலத்தில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் கதை இதுதான். கோச் டேல் ப்ரோக்மன் இரண்டு தடவை மாநிலக் கோப்பையை வாங்கி வந்தவர். ஊர் எல்லையில் நட்ட பலகையில் மக்கள்தொகைக்கு மேலே அந்தக் கோப்பைகளைத்தான் எழுதியிருந்தார்கள். கோச் எங்கே நுழைந்தாலும், அது சாப்பாட்டுக் கூடமாகவே இருந்தாலும், வாலிபால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். லோர்னா படித்த காலத்திலும் முந்தைய கோச்சுக்கு அப்படித்தான் எழுந்து நின்றாள். டேல் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். பள்ளி நாட்களில் நீ, வா, போ என்று பேசிக்கொண்டவர்கள்தான். முதல் கோப்பை வந்த பிறகு அவளும் மற்றவர்களோடு சேர்ந்து "கோச், நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

மேஸி அணியை விட்ட அன்று, விளையாட்டுப் பையைக் கார் ஷெட்டின் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே வந்து, "இனிமே போகல" என்றாள். ஏன் என்று லோர்னா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். "ஓட விடறாரு, எனக்குப் பிடிக்கல" என்பதற்கு மேல் பெண் வாயைத் திறக்கவில்லை. லோர்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வயதிலிருந்து இந்தப் பெண்ணுக்காக எத்தனை சனிக்கிழமைகளை முன்பின் தெரியாத ஊர்களின் மர இருக்கைகளில் முதுகொடியத் தேய்த்திருப்பாள்! "ஓடறதுக்கு வலிக்குதா? எங்க காலத்துல நாங்க ஓடாத ஓட்டமா? யாராவது செத்தா போயிட்டோம்?" என்று கத்தினாள். மேஸி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கணவன் ராண்டியிடம் சொல்லி ஆறுதல் தேடவும் வழியில்லை. அக்டோபரில் அந்த ஊர் ஆண்கள் அறுவடை இயந்திரத்தின் மேலேதான் குடித்தனம் நடத்துவார்கள். "அவ என்னிக்கு அழுதுட்டு வந்திருக்கா? ஏதோ இருக்கும், விடு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு அவன் வயலுக்குத் திரும்பிவிட்டான். சும்மா விட முடிகிற விஷயமா இது? மேஸிக்கு நர்சிங் படிக்க ஆசை. மாநிலப் பல்கலைக்கழகம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைத்திருந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் நர்சிங் இல்லை, அவ்வளவுதான். விண்ணப்பம் நவம்பர் தொடக்கத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

அக்டோபர் நடுவில், பிள்ளைகளின் மேல்படிப்புக்கு வழிகாட்டும் ஆசிரியை ஹால்வர்சன், தாயையும் மகளையும் தன் அறைக்கு அழைத்தாள். மேசையில் மிட்டாய்க் கிண்ணம், சுவரில் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். ஹால்வர்சன் கணினித் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"மார்க்கெல்லாம் பிரமாதம். இந்தக் கடைசி வருஷம்தான் கொஞ்சம் இடிக்குது. மூணு வருஷம் ஆடியிருக்கா, கேப்டன் வரைக்கும் வந்திருக்கா, திடீர்னு ஒண்ணுமே இல்ல. அங்க உக்காந்து விண்ணப்பத்தப் படிக்கறவங்க முதல்ல இதத்தான் கேப்பாங்க. ஏன் விட்டா?"

"வாரா வாரம் முதியோர் இல்லத்துல வேலை பாக்கறாளே," என்றாள் லோர்னா. "கிழவங்களக் குளிப்பாட்டி, துணி மாத்தி, சோறு ஊட்டறா. அது நர்ஸ் வேலை இல்லாம வேற என்ன?"

"நல்லதுதான், நல்லதுதான். அதையும் போட்டிருக்கு. ஆனா அது வேலைதானே. டீமுன்னா ஒழுக்கம், தலைமை, விடாமுயற்சி…" ஹால்வர்சன் நாற்காலியை மேஸியின் பக்கம் திருப்பினாள். "கண்ணு, உனக்குத் தோள்பட்டை எப்படி இருக்கு?"

"தோள்பட்டைக்கு என்ன?"

"வாலிபால் ஆடற பிள்ளைங்க எல்லாருக்கும் கொஞ்சம் வலி இருக்கும். தோள்பட்டை வலியால நிறுத்தினேன்னு ஒரு வரி போட்டுட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்க. பொய்னும் சொல்ல முடியாது."

"எனக்குத் தோள்பட்டை நல்லாத்தான் இருக்கு," என்றாள் மேஸி.

"சரி, வேண்டாம். இன்னொண்ணு பண்ணலாம். கட்டுரையில இதையே எழுதேன். விழுந்தேன், அதுலேருந்து கத்துக்கிட்டேன், எழுந்தேன்னு. அந்த மாதிரி கதைன்னா அவங்க உருகிடுவாங்க."

"நான் விழலையே."

ஹால்வர்சன் சிரித்துக்கொண்டே ஒரு மிட்டாயை உரித்து வாயில் போட்டாள். முதியோர் இல்லத்தில் கிழவருக்குக் கால் கழுவுவது வேலை, பந்தை வலைக்கு மேலே தட்டுவது தலைமை! இல்லாத வலியை இருக்கிறது என்று எழுதினால் கெட்டிக்காரத்தனம், இருப்பதை இருக்கிறபடி சொன்னால் இடிக்கிறதாம். இந்தக் கணக்கை எந்தப் புண்ணியவான் போட்டுவைத்தானோ! ஆனால் உண்மையான இடி அதற்கப்புறம்தான் வந்தது. அந்த இடத்துக்கு ஓர் அறிவியல் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயம். அந்தப் பள்ளியில் மேல்வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பது ஒரே ஒருவர். கோச் ப்ரோக்மன்.

"அவர்கிட்ட கேட்டுப் பாத்தேன்," என்று ஹால்வர்சன் குரலைத் தாழ்த்தினாள். "மறுக்கல. ஆனா, 'எடுத்ததை முடிக்காத பிள்ளைக்கு நான் என்னன்னு எழுதறது?'ன்னு கேக்கறாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு இல்லியா?"

வேதியியலில் வகுப்பிலேயே முதல் மாணவி மேஸி. அதை எழுத வேண்டியதுதானே! ஹால்வர்சனிடம் கேட்டு என்ன பயன்? மேஸி பையை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள்.

லோர்னா மாட்டு மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்த்தாள். மறுநாள் அங்கிருந்து கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி, மகளிடம் சொல்லாமல், வேதியியல் அறைக்குப் போனாள். கோச் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டு வந்து நாற்காலி இழுத்துப் போட்டார். ராண்டியின் அறுவடை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். போன வருடம் ராண்டி கால் ஒடிந்து கிடந்தபோது, அணியைக் கூட்டிவந்து அவர்கள் வீட்டுப் பனியை வாரிக் கொட்டியவர் இந்த மனுஷன். அவரை வெறுக்கவும் முடியவில்லை.

"எனக்கு மேஸி மேல கோவமே கிடையாது, லோர்னா," என்றார். "அவளை மாதிரி பிள்ளை பத்து வருஷத்துக்கு ஒண்ணுதான் வரும். அதனாலதான் சொல்றேன். பாதியில விட்டுட்டுப் போறத இப்பப் பழகிட்டா, நாளைக்கு ஆஸ்பத்திரியில பாதி ராத்திரி நோயாளிய விட்டுட்டுப் போவா."

"அவ அப்படிப்பட்டவ இல்ல கோச்."

"இல்லைன்னு நிரூபிக்கட்டும். பெருசா ஒண்ணும் கேக்கல. அன்னைக்குப் பாதியில விட்டுட்டுப் போன பயிற்சிய வந்து முடிச்சுக் குடுக்கட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் வந்தாப் போதும். வெள்ளிக்கிழமை கடைசி வருஷப் பிள்ளைங்களுக்கு வழியனுப்பு ஆட்டம். மத்தவங்களோட அவளும் ஜெர்சி போட்டுக்கிட்டு நடுவுல நிக்கட்டும், நீயும் ராண்டியும் பக்கத்துல நில்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் உக்காந்து கடிதம் எழுதறேன். நல்ல கடிதம்."

ஒரு சாயங்காலம்! அவ்வளவுதானா? லோர்னாவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "வருவா கோச். நான் அனுப்பி வைக்கறேன்" என்றாள். என்ன பயிற்சி, எதில் பாதி என்று கேட்கத் தோன்றவே இல்லை. எடுத்ததை முடிக்க வேண்டும் என்ற பேச்சை அந்த ஊரில் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவள் அவள். அது காதில் விழுந்தால் தலை தானாக ஆடிவிடும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சேர்த்து ஓவனில் வைத்திருந்தாள். மகளின் தட்டில் பரிமாறியபடியே விஷயத்தைச் சொன்னாள். மேஸியின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பயிற்சிய முடிக்கணும்னா சொன்னாரு? அப்படியேவா?"

"அப்படியேதான். ஒரே ஒரு சாயங்காலம்டி. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடிட்டு வந்துடு."

"நான் ஓடணும்னு சொன்னாரா?"

"பின்ன, பயிற்சின்னா ஓட்டம்தானே?"

"நீ சரின்னுட்டியாம்மா?"

"சரின்னுட்டேன். உன் படிப்பு மேஸ்! இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மேஸி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி" என்றாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள். கார் ஷெட்டுக்குப் போய்க் கொக்கியிலிருந்து பையை இறக்கும் சத்தம் லோர்னாவுக்குக் கேட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை மாலை லோர்னா தின்பண்ட அறையில்தான் இருந்தாள். மறுநாள் வழியனுப்பு ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வரும், இரண்டு மடங்கு சரக்கு வேண்டும். பீன்ஸ் டப்பாக்களை அடுக்கிவிட்டு, உருக்கிய சீஸ் பையைப் பிழியும் இயந்திரத்தில் மாட்டும்போது பை கிழிந்து, ஆரஞ்சு நிறக் கூழ் தரையிலும் அவள் ஷூவிலும் கொட்டியது. திட்டிக்கொண்டே துணி தேடினாள். ஆடுகளப் பக்கத்துச் சன்னலின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. அதற்கு அப்பாலிருந்து விசிலும் ஷூக்களின் ரப்பர் அடிகள் மரத்தரையில் கிறீச்சிடும் சத்தமும் மாறி மாறி வந்தன. ஓடுகிறார்கள். தன் மகளும் ஓடுகிறாள், நல்லபடியாக முடியட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முன்கூடத்தில் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். குப்பைத் தொட்டியின் மேல் கவிழ்ந்து நின்றவள் எம்ரி, அணியிலேயே சின்னவள், பத்தாம் வகுப்பு. லோர்னா ஒரு குவளைத் தண்ணீரோடு ஓடினாள்.

"கொஞ்சம் கொஞ்சமாக் குடி. என்னடி இது, உயிர் போற மாதிரி ஓடவிடறாரு?"

"அன்னைக்கு மிச்சம் இருந்தது," என்றாள் எம்ரி, மூச்சு வாங்கியபடி. "அத இன்னைக்கு ஓடறோம்."

"மேஸியும் ஓடறாளா?"

எம்ரி அவளை விநோதமாகப் பார்த்தாள். "மேஸி எப்படி ஓடுவா? அவ நாற்காலியில இல்ல உக்காந்திருக்கா?"

"எந்த நாற்காலி?"

"உங்களுக்குத் தெரியாதா?" எம்ரி வாயைத் துடைத்துக்கொண்டாள். "யாராவது தப்புப் பண்ணா அவங்கள நடுவுல நாற்காலி போட்டு உக்கார வச்சுடுவாரு. கையில தண்ணி குடுத்துடுவாரு. அவங்களுக்காக நாங்க எல்லாரும் ஓடணும். அவங்க பாத்துக்கிட்டே குடிக்கணும். அன்னைக்கு சர்வீஸ வலையில அடிச்சது நான்தான். என்னைத்தான் உக்கார வச்சிருக்கணும். மேஸி, 'நான் கேப்டன், நான் உக்கார்றேன்'னா. கொஞ்ச நேரம் உக்காந்தா. அப்புறம் முடியல அவளால. எழுந்து வந்து எங்ககூட ஓட ஆரம்பிச்சா. அவ எழுந்ததுக்காக எங்களுக்கு ஓட்டத்த இன்னும் கூட்டினாரு. நாங்கதான் அவளப் புடிச்சுத் திட்டினோம். உக்காருடி, உன்னாலதான் சாகறோம்னு." அவள் குவளையைப் பார்த்தபடி சொன்னாள். "நானும் திட்டினேன். அவ முட்டிப் பட்டையக் கழட்டி நாற்காலியில வச்சுட்டுப் போயிட்டா."

லோர்னா சன்னலுக்குத் திரும்பி இரும்புக் கதவை மேலே தள்ளினாள். அரங்கின் நடுவே, அணியின் சின்னமாகத் தரையில் பெரிதாக வரைந்த பருந்துத் தலையின் மேல், ஒரு மடக்கு நாற்காலி. அதில் அவள் மகள் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பயிற்சி உடையும் முட்டிப் பட்டையும் போட்டு, ஓடத் தயாராக வந்தவள்போல. கையில் தண்ணீர்ப் புட்டி. அவளைச் சுற்றி, அவளோடு சிறுவயதிலிருந்து வளர்ந்த பெண்கள், இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்குமாகத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கடந்துபோகும்போது மேஸியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பை லோர்னா இங்கிருந்தே பார்த்தாள். கோச் ஓரத்தில் கைகட்டி நின்றார். "குடி, மேஸி" என்றார் மிக மென்மையாக. மேஸி குடித்தாள்.

ஓடி ஓடிக் களைப்பது ஒன்று. அது லோர்னாவுக்குத் தெரிந்ததுதான். இது என்ன? பெற்ற பிள்ளையை ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலுக்கு நடுவில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுவதா? இதற்கா அவள் கைகுலுக்கினாள்? இதற்கா கண்கலங்கினாள்? வந்தது அவமானமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பொறுமையில்லை.

வெளிச்செருப்போடு யாரும் அந்த மரத்தரையில் கால் வைக்க மாட்டார்கள். பள்ளி முதல்வரே காலுறையோடுதான் நடப்பார். லோர்னா சீஸ் அப்பிய ஷூவோடு கதவைத் தள்ளிக்கொண்டு நேராக நடுவட்டத்துக்கு நடந்தாள்.

"லோர்னா! ஷூ! தரை!" என்று கத்தினார் கோச். பிள்ளைகள் வாந்தியெடுத்தபோது பதறாத மனுஷனுக்குத் தரைக்காகப் பதற்றம் வந்தது.

அவள் மகளுக்கு முன்னால் போய் நின்றாள். "எழுந்திரு."

"முடியாதும்மா." மேஸி தலையால் ஓடுகிறவர்களைக் காட்டினாள். "நான் எழுந்தா இவங்க மறுபடி முதல்லேருந்து ஓடணும்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ, எங்க காலத்துல நாங்களும் ஓடினோம்னு சொல்லுவே."

அப்படிச் சொன்னவள்தானே லோர்னா. கோச்சின் பக்கம் திரும்பினாள். "டேல், இதுக்கா என்னைச் சரின்னு சொல்ல வச்சே?"

பத்துப் பதினைந்து வருடமாக அவரை அந்தக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓடிக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள்.

"இன்னும் ரெண்டே ரெண்டு தடவை, லோர்னா," என்றார் அவர் நிதானமாக. "ரெண்டு தடவை ஓடி முடிச்சா எல்லாம் முடிஞ்சுது. பாக்கி இல்ல, பகை இல்ல. நாளைக்கு ஜெர்சி, ஞாயித்துக்கிழமை கடிதம். உன் கோவத்துக்காக அவ எதிர்காலத்த உடைக்காதே."

இரண்டே இரண்டு தடவை. லோர்னா அதை நினைத்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அறுவடைத் தூசியில் இருமிக்கொண்டு ராண்டி வருவதும், மேஸி வெள்ளை உடையில் நிற்பதும், கடிதம் இல்லாமல் கதவு சாத்தப்படுவதும் எல்லாம் அந்த ஒரு மூச்சில் வந்து போயின. இரண்டு தடவை என்றால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு மகளின் கையைப் பார்த்தாள். புட்டியை நெரித்துப் பிடித்ததில் விரல்கள் வெளுத்திருந்தன.

"மேஸ்," என்றாள். "போன தடவை உன்னைக் கேக்காம நான் சரின்னு சொல்லித் தொலைச்சேன். இப்ப நீ சொல்லு. நீ எதைச் சொன்னாலும் நான் இங்கேயேதான் நிப்பேன்."

மேஸி அம்மாவைப் பார்க்கவில்லை. கோட்டில் நின்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் முட்டியில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். முன்கூடத்திலிருந்து எம்ரி திரும்பி வந்தாள். கோட்டுக்குப் போக வேண்டியவள் போகவில்லை. சுவரோரமாக, லோர்னாவின் ஷூ பதித்த ஆரஞ்சுத் தடங்களுக்குப் பக்கத்தில், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எம்ரி, கோட்டுக்கு வா," என்றார் கோச்.

எம்ரி பயந்த கண்களோடு அவரைப் பார்த்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் மேஸி எழுந்தாள்.

லோர்னா நாற்காலியை மடக்கினாள். இரும்பு மோதிய சத்தம் வெற்று அரங்கில் நாலு மூலையிலும் முட்டித் திரும்பியது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். மேஸி பின்னால் வந்தாள். கதவை நெருங்கும்போது விசில் ஊதியது. பெண்கள் ஓடும் சத்தம் வருகிறதா என்று அம்மாவும் மகளும் காதைத் தீட்டிக்கொண்டே வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது, ஒன்றும் தெரியவில்லை.

காரில் மேஸி முதலில் சொன்னது, "அது பள்ளிக்கூடத்துச் சொத்தும்மா."

"தெரியும்."

"கடிதத்துக்கு என்னம்மா பண்றது?"

"தெரியாது," என்றாள் லோர்னா. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. "நிஜமாவே தெரியாது. வயிறு பத்திக்கிட்டு எரியுது எனக்கு."

"எனக்கும்தான்," என்றாள் மேஸி. பின் இருக்கையில் நாற்காலி ஒவ்வொரு குழியிலும் குலுங்கிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டிருந்தது. சன்னலுக்கு முன்னால் வரிசை வாசல் வரைக்கும் நீண்டது. தொப்பியில் சோளத்தூசியோடு அப்பாக்கள், கையில் பூங்கொத்தோடு அம்மாக்கள். ஷெரில் வந்தாள், வாங்கினாள், வாயைத் திறக்காமலே போனாள். அவளுக்கு அது ஒரு சாதனைதான். லோர்னா தன் முறைக்கு வந்திருந்தாள். அன்று அவளோடு மேஸியும் வந்திருந்தாள். "நீ தனியா சமாளிக்க மாட்டே" என்று தானாகக் கிளம்பி வந்துவிட்டாள். சன்னல் பலகையில் இரண்டு பேர் வேலை செய்ய இடம் போதவில்லை. காரில் திரும்பக் கொண்டுவந்திருந்த அந்த மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, மடியில் தட்டை வைத்து, இனிப்பு ரோல்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள் மேஸி.

உள்ளே ஒலிபெருக்கி கடைசி வருடப் பெண்களின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தது. பெயர், பெற்றோர், எந்தக் கல்லூரிக்குப் போகிறாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். மேஸியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த ரோலைப் பிரித்தது.

வரிசை திடீரென்று விலகியது. கோச் வந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவர் வந்து ஒரு கோப்பைக் கறுப்புக் காப்பி வாங்கிக்கொண்டு போவது வழக்கம். கோட்டும் டையும் கட்டியிருந்தார். லோர்னா கோப்பையை நிரப்பிச் சன்னல் பலகையில் வைத்தாள். அவர் அதை எடுத்தார், ஆனால் போகவில்லை. லோர்னாவின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு, மேஸி," என்றார்.

பூங்கொத்து வைத்திருந்த ஓர் அம்மா கழுத்தை நீட்டினாள். கோச் காத்திருந்தார், அவர் வந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், எப்போதும் நின்றிருக்கிறார்கள். லோர்னா மகளைத் திரும்பிப் பார்க்காமல், ஈரமில்லாத பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். காப்பியின் ஆவி கோச்சின் மூக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதியை மூடியது.

மேஸி மடியிலிருந்த தட்டைச் சரி செய்துகொண்டாள். ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு ரோலைப் பிய்த்து வாயில் போட்டு, காலை நீட்டி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.